'பேட்மேன் பிகின்ஸ்' வீட்டுத் திரையில்: எந்தக் கோளாறுக்கு எதைத் தொட வேண்டும்

2005 ஜூனில் வெளியான 'பேட்மேன் பிகின்ஸ்' பெரும்பகுதி இருட்டில் நடக்கும் படம். சிறுவன் விழும் பாழுங்கிணறு, வௌவால் குகை, துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு நடுவே நடக்கும் முதல் வேட்டை, மழையில் ஊறிக்கிடக்கும், கோதம் நகரத்தின் சேரிப் பகுதியான நேரோஸ் சந்துகள் என்று 140 நிமிடங்களில் பகல் வெளிச்சம் கொஞ்சம்தான். ஆனால் அந்த இருட்டு வெறுமையானது இல்லை. கறுப்பு ரப்பர் உடைமீது விழும் மங்கிய ஒளி, ஈரக் கல்லின் சொரசொரப்பு, முகமூடியின் விளிம்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டருக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது சும்மா இல்லை. வீட்டில் போடும்போது இதெல்லாம் ஒரே மைக்கறுப்பாகவோ சாம்பல் புகையாகவோ தெரிந்தால், உடனே டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் கோளாறு பிளேயருக்கும் டிவிக்கும் இடையில் ஏதோ ஒரு மெனுவில்தான் ஒளிந்திருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்தை ஒன்றாகத் திருகினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது.

முதலில், கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

இது தெரியாமல் மேலே போகக் கூடாது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதனதன் எல்லை உண்டு. படம் ஓடும்போது பிளேயர் ரிமோட்டில் 'டிஸ்ப்ளே' அல்லது 'இன்ஃபோ' பட்டனை அழுத்தினால் விவரம் திரையில் வரும்.

எம்பெக்-2 என்று காட்டினால் டிவிடி. விசி-1 என்று காட்டினால் 2008 ஜூலையில் வந்த புளூ-ரே. அதில் இழப்பில்லாத ஒலி டால்பி ட்ரூஎச்டி 5.1. எச்இவிசி, எச்டிஆர்10 (எச்டிஆர் என்பது கூடுதல் ஒளி வீச்சு) என்று காட்டினால் 2017 டிசம்பரில் வந்த 4கே அல்ட்ரா எச்டி. ஒலி டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 5.1. 4கே டிஸ்க்கில் டால்பி விஷனும் கிடையாது, அட்மாஸும் கிடையாது. ஆகவே டிவியின் மூலையில் அந்தச் சின்னங்கள் வரவில்லை என்று தேட வேண்டாம். எச்டிஆர் என்று மட்டும் வந்தால் எல்லாம் சரி.

4கே பெட்டிக்குள் பல நேரம் சாதாரண புளூ-ரேவும் சேர்ந்தே இருக்கும். அவசரத்தில் அதைப் போட்டுவிட்டு '4கே என்றார்கள், வித்தியாசமே தெரியவில்லை' என்று குழம்புவது அடிக்கடி நடக்கிறது. இன்ஃபோ பட்டன் அந்தச் சந்தேகத்தை ஒரு நொடியில் தீர்த்துவிடும்.

அறிகுறி: இரவுக் காட்சிகளில் மொத்தமும் கறுப்பு, உருவமே தெரியவில்லை

இந்தப் படத்தைப் பற்றி வரும் புகார்களில் இதுதான் தலையாயது. காரணங்களில் முதலில் பார்க்க வேண்டியது 'ரேஞ்ச்' பொருத்தம்.

வீடியோவில் 8 பிட் கணக்கில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடிகிறது. இது 'லிமிடெட்'. கணினிகள் 0 முதல் 255 வரை எடுத்துக்கொள்ளும், அது 'ஃபுல்'. பிளேயர் ஃபுல்லில் அனுப்பி, டிவி லிமிடெட் என்று நினைத்துக்கொண்டால் 16க்குக் கீழே வந்து விழும் நிழல் விவரம் முழுவதையும் டிவி வெறும் கறுப்பாக்கிவிடும். பகல் காட்சிகள் உள்ள படத்தில் இது கண்ணில் படாமல் போகலாம். இந்தப் படத்தில் துறைமுகக் காட்சி வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரிசெய்ய:

1. பிளேயரில் எச்டிஎம்ஐ வெளியீட்டை 'ஒய்சிபிசிஆர்' என்று வையுங்கள். ஆர்ஜிபிதான் வேண்டும் என்றால் 'லிமிடெட்' அல்லது '16-235' தேர்ந்தெடுங்கள். பிளேஸ்டேஷன் 5இல் ஆர்ஜிபி ரேஞ்சை 'லிமிடெட்' ஆக்கலாம். எக்ஸ்பாக்ஸில் கலர் ஸ்பேஸ் 'ஸ்டாண்டர்ட்' என்று இருக்க வேண்டும், 'பிசி ஆர்ஜிபி' கூடாது.

2. டிவியில் அதற்கு இணையான செட்டிங்கைத் தேடுங்கள். சாம்சங்கில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்': அங்கே 'லோ' என்பதே லிமிடெட். எல்ஜியில் 'பிளாக் லெவல்', புதிய மாடல்களில் 'வீடியோ ரேஞ்ச்'. சோனியில் எச்டிஎம்ஐ வீடியோ ரேஞ்ச். 'ஆட்டோ' பெரும்பாலும் போதும்; நம்பிக்கை இல்லை என்றால் இரண்டு பக்கமும் லிமிடெட் என்று கையால் வைத்துவிடுங்கள்.

3. பிறகே 'பிரைட்னஸ்' பக்கம் போங்கள். இந்தப் பெயர் பலரைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது. பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை மாற்றும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவது பேக்லைட் அல்லது ஓலெட் லைட். சோனியிலும் புதிய சாம்சங்கிலும் 'பிரைட்னஸ்' என்பதே வெளிச்சம். கறுப்புக்கு அங்கே 'பிளாக் லெவல்', 'ஷேடோ டீட்டெய்ல்' போன்ற பெயர்கள். நகர்த்திப் பார்த்தாலே எது எது என்று புரிந்துவிடும்: மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள் சாம்பலாக மாறினால் நீங்கள் தொட்டது கறுப்பு நிலையை.

4. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'ஏவிஎஸ் எச்டி 709' சோதனைப் படங்களில் 'பிளாக் கிளிப்பிங்' என்ற ஒன்று உண்டு. சின்னச் சின்னப் பட்டைகள் எண்ணோடு மின்னும். அறையை இருட்டாக்கிக்கொண்டு, 17ஆம் பட்டை மெல்லத் தெரிந்து 16ஆம் பட்டை தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். இது சாதாரண ஒளி வீச்சுக்கான சோதனை. புளூ-ரேவுக்கும் டிவிடிக்கும் பொருந்தும். எச்டிஆருக்கு இதை வைத்துத் திருகக் கூடாது.

இப்போது படத்தைப் போட்டுச் சரிபாருங்கள். தொடக்கத்தில் சிறுவன் புரூஸ் கிணற்றின் அடியில் கிடக்கும் காட்சியில் நிறுத்துங்கள். அவனுக்குப் பின்னால் உள்ள துவாரத்தின் உள்பக்கம் கறுப்பாக இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள கற்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அடுத்து துறைமுகம். கன்டெய்னர்களின் விளிம்புக் கோடு பின்னணி இருளிலிருந்து பிரிய வேண்டும். பேட்மேன் மேலிருந்து இறங்கும் கணங்களில் முழு உருவம் தெரிய வேண்டியதில்லை. அவன் கண்ணில் படாமல் போவதுதான் காட்சியின் உயிர். அங்கேயும் எல்லாம் பளிச்சென்று தெரிகிற அளவுக்குக் கூட்டிவிட்டால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டு படி குறையுங்கள்.

அறிகுறி: கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் புகை படர்ந்த மாதிரி

மேலே சொன்னதன் மறுபக்கம். பிளேயர் லிமிடெட்டில் அனுப்ப, டிவி ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் 16 என்ற கறுப்பு உண்மையிலேயே 16ஆகக் காட்டப்பட்டு சாம்பலாகிவிடும். அதே செட்டிங், எதிர்த்திசையில்.

எச்டிஆர் படம் எச்டிஆர் என்று புரிந்துகொள்ளப்படாமல் போனாலும் இப்படித்தான் வெளிறும். நிறமும் சேர்ந்து செத்துப்போயிருந்தால் அதுதான் காரணம். கணினியில் 4கே கோப்பை ஓடவிடும்போதும், நடுவில் பழைய ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி பெட்டி) இருக்கும்போதும் இது வரும். டிவியில் எச்டிஆர் அறிவிப்பு வந்ததா என்று பாருங்கள்.

சில திரைகளில் இரண்டுமே காரணமாக இருக்காது. ஐபிஎஸ் வகை எல்சிடி பேனல்களுக்குக் கறுப்பு இயல்பாகவே ஆழம் குறைவு. அதற்கு டிவியின் பின்பக்கம் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டை ஒன்றை ஒட்டிச் சுவரில் மெல்லிய ஒளி விழும்படி செய்யுங்கள். திரையின் கறுப்பு மாறாது. கண்ணுக்கு ஆழமாகத் தெரியும். மஞ்சள் பல்பு வேண்டாம், நிறத்தைப் பற்றிய நம் கணிப்பைக் குலைத்துவிடும்.

அறிகுறி: 4கே வாங்கினால் பழைய புளூ-ரேவைவிட இருட்டாக இருக்கிறது

இந்தப் புகார் நியாயமானது. காரணம் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும்.

எச்டிஆர் இல்லாத சாதாரணப் படம் 100 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) உச்ச வெளிச்சத்துக்காகத் தயாரிக்கப்படுகிறது. வீட்டில் நாம் பேக்லைட்டைக் கூட்டி 200, 300 நிட்ஸில் பார்க்கிறோம். அப்போது நிழல் பகுதிகளும் அதே விகிதத்தில் இரண்டு மூன்று மடங்கு கூடிவிடுகின்றன. பழைய புளூ-ரேயைப் பல வருடம் அப்படியே பார்த்துக் கண் பழகியிருக்கும். எச்டிஆரில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு எண்ணும் இத்தனை நிட்ஸ் என்று நேரடியாகக் குறிக்கும். நிழல் 0.5 நிட்ஸ் என்று எழுதியிருந்தால் டிவி 0.5 நிட்ஸ்தான் காட்டும். பேக்லைட் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும், கூட்ட இடமில்லை. ஜன்னல் திறந்திருக்கும் கூடத்தில் அந்த 0.5 நிட்ஸ் காணாமல் போய்விடுகிறது.

வரிசையாகச் செய்து பாருங்கள். திரைச்சீலையை இழுத்து, திரைக்கு எதிரே உள்ள விளக்கை அணையுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே பிரச்சினை முடிந்துவிடும். அடுத்து பவர் சேவிங், ஈகோ மோட், ஆம்பியன்ட் லைட் சென்சார் மூன்றையும் நிறுத்துங்கள். இருட்டு அறையில் சென்சார் திரையை மேலும் மங்கச் செய்யும். இருட்டான படத்துக்கு இரட்டை அடி. எச்டிஆர் ஓடும்போது மெனுவைத் திறந்து பேக்லைட் உச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண படத்துக்கும் எச்டிஆருக்கும் டிவி தனித்தனியாக நினைவு வைத்திருக்கும், ஆகவே படம் ஓடாதபோது மாற்றியது இங்கே செல்லாது. பிறகு, காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்பச் சரிக்கட்டும் 'டைனமிக் டோன் மேப்பிங்' இருந்தால் போட்டுப் பாருங்கள். படத்தை எடுத்தபடியே பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பிடிக்காது என்றாலும், வெளிச்சமுள்ள அறையில் இந்தப் படத்துக்கு அது உதவும். பானசோனிக் யுபி வரிசை பிளேயர்களில் 'டைனமிக் ரேஞ்ச் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு நகர்த்தி உண்டு. இரண்டு மூன்று படி கூட்டினால் நிழல் மேலே வரும், வெளிச்சப் பகுதி கெடாது.

இவ்வளவு செய்தும் இருட்டாக இருந்தால், உங்கள் டிவிக்கு எச்டிஆர் பலம் குறைவு என்று பொருள். மலிவு விலை 4கே டிவிகள் எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட வலுவிருக்காது. அங்கே பிளேயரையே எச்டிஆரிலிருந்து எஸ்டிஆருக்கு (சாதாரண ஒளி வீச்சுக்கு) மாற்றி அனுப்பச் சொல்லிவிடுங்கள். 4கே பிரதியின் கூர்மை கையில் இருக்கும், இருட்டும் தீரும். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

லோக்கல் டிம்மிங், அதாவது திரையின் இருண்ட பகுதிகளில் மட்டும் பேக்லைட்டைக் குறைக்கும் செட்டிங் பற்றி ஒரு வார்த்தை. 'ஹை'யில் வைத்தால் சில டிவிகளில் தெருவிளக்கு போன்ற சின்ன ஒளிகளே மங்கிவிடும். சிலவற்றில் அவற்றைச் சுற்றி வட்டம் படரும். 'மீடியம்' வைத்து நேரோஸ் காட்சியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: வெளிச்சக் காட்சிகளில் வெள்ளை வெளிறி விவரம் போகிறது

உறைந்த ஏரிமீது வாள் பயிற்சி நடக்கும் காட்சிதான் இதற்குச் சரியான சோதனை. ஐஸ்லாந்தின் ஸ்வினாஃபெல்ஸ்யோகுல் பனிப்பாறையில் எடுத்தது. மேக மூட்டம், பனி, ஐஸ் மூன்றும் வெவ்வேறு வெண்மை. ஐஸின் விரிசல் கோடுகள் நீலச் சாம்பலாகத் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே சுண்ணாம்பு வெள்ளையானால் கான்ட்ராஸ்ட் கூடுதல். பத்துப் பத்தாகக் குறையுங்கள். 'விவிட்', 'டைனமிக்' மோட்களில் இது நிச்சயம் நடக்கும். 'சினிமா', 'மூவி', 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு வாருங்கள், டைனமிக் கான்ட்ராஸ்டை அணையுங்கள்.

அறிகுறி: எல்லாம் பழுப்பு மஞ்சளாக இருக்கிறது

கோதம் நகரத்தின் இரவுக் காட்சிகள் சோடியம் விளக்கின் தேன் நிறத்தில் எடுக்கப்பட்டவை. அது வேண்டுமென்றே கொடுத்த நிறம். இதை 'சரி' செய்ய டின்ட்டையோ கலர் டெம்பரேச்சரையோ தொட்டால் பனிக்காட்சிகளின் நீலமும் தோல் நிறமும் சேர்ந்து கெடும். கலர் டோன் 'வார்ம் 2' அல்லது 'வார்ம் 50' போன்ற கடைசி நிலையில் இருக்கட்டும். முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும்; 'கூல்' நீலத்துக்குப் பழகிய கண்ணுக்கு இரண்டு மூன்று நாள் தேவைப்படும்.

முகங்கள் மட்டும் செங்கல் நிறமானால் அது வேறு. 'கலர்' அளவு கூடிப்போயிருக்கும். நடு மதிப்புக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: புளூ-ரே மங்கலாக, மெழுகு பூசியது போல் இருக்கிறது

இங்கே டிஸ்க்குக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க முடியாது. இந்தப் படம் எச்டி தரத்தில் முதலில் 2006 அக்டோபரில், புளூ-ரேக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடி வடிவில் வந்தது. அந்த டிஸ்க்கின் கொள்ளளவு 30 ஜிபி, புளூ-ரேயின் இரட்டை அடுக்குக்கு 50 ஜிபி. 2008இல் புளூ-ரே வந்தபோது அதே விசி-1 படத்தையே அதில் ஏற்றினார்கள். கூடுதல் இடத்தைப் படம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நுண் விவரம் கொஞ்சம் மழுங்கியே இருக்கும். இதை ஷார்ப்னஸ் கூட்டிச் சரிசெய்ய முடியாது. கூட்டினால் விளிம்புகளில் வெள்ளைக் கோடு படரும், இருட்டில் புள்ளிகள் கொதிக்கும். ஷார்ப்னஸை பூஜ்யத்தில், அல்லது உங்கள் டிவியின் நடுநிலை எதுவோ அதில் வைத்து, நாய்ஸ் ரிடக்‌ஷன், எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணையுங்கள். இருக்கிற விவரத்தையாவது டிவி அழிக்காமல் இருக்கட்டும்.

வில்லன் ஸ்கேர்குரோவின் சாக்கு முகமூடி குளோசப்பில் வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கோணியின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவது தெரிகிறதா? புளூ-ரேயில் பின்னல் தெரியும். 4கேயில் நூலின் பிசிறுகூடத் தெரியும். புளூ-ரேயிலேயே இழை தெரியாமல் வெறும் பழுப்புத் துணியாக இருந்தால் எங்கோ நாய்ஸ் ரிடக்‌ஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிவியில் அணைத்திருப்பீர்கள், பிளேயரின் வீடியோ மெனுவில் தனியாக ஒன்று இருக்கும். ரிசீவரிலும் சிலவற்றில் இருக்கும். மூன்று இடமும் பாருங்கள்.

4கே ஏன் இவ்வளவு மேல் என்றால், இந்தப் படம் 35 மி.மீ. அனமார்ஃபிக்கில் (அகலக் காட்சியைப் பக்கவாட்டில் சுருக்கிப் பதியும் லென்ஸில்) எடுத்து, டிஜிட்டல் இன்டர்மீடியட் (படச்சுருளைக் கணினியில் ஏற்றித் திருத்தும் இடைப்பிரதி) இல்லாமல் ரசாயன முறையிலேயே முடிக்கப்பட்டது. 2கேயில் அடைபட்ட டிஜிட்டல் பிரதி நடுவில் இல்லை. படச்சுருளில் இருந்த விவரம் அப்படியே காத்திருந்தது.

படச்சுருள் என்பதால் கிரெயின், அதாவது சுருளின் நுண்துகள் புள்ளிகள் இருக்கும். மெல்லிய மணல் போல அசைந்துகொண்டே இருக்கும் அது படத்தின் தோல். நீக்க வேண்டிய அழுக்கு இல்லை. அனமார்ஃபிக் லென்ஸ் என்பதால் சட்டகத்தின் ஓரங்கள் சற்று மென்மையாக இருப்பதும், பின்னணி விளக்குகள் முட்டை வடிவில் மங்குவதும் இயல்பு.

அறிகுறி: இருட்டில் சதுரம் சதுரமாக, படிக்கட்டு மாதிரி வளையங்கள்

கிரெயின் அசையும், இது அசையாமல் கட்டம் கட்டமாக நிற்கும். ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. 4கே ஸ்ட்ரீமிங் பொதுவாக 15 முதல் 25 எம்பிபிஎஸ்ஸுக்குள் ஓடுகிறது. 66 ஜிபி 4கே டிஸ்க் 108 எம்பிபிஎஸ் வரை போகலாம். சுருக்கும்போது கண்ணுக்கு எளிதில் தெரியாது என்று இருட்டுப் பகுதியில்தான் முதலில் கை வைப்பார்கள். வௌவால் கூட்டம் குகையில் சுழலும் இடம், ஒரே நேரத்தில் இருட்டும் அசைவும் சேர்ந்து, சுருக்கத்துக்கு மிகக் கொடுமையான காட்சி.

ஈதர்நெட் கேபிள் இழுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. செயலியில் 'டேட்டா சேவர்' அணைந்திருக்கிறதா பாருங்கள். படம் தொடங்கி முதல் அரை நிமிடம் தரம் ஏறிக்கொண்டிருக்கும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கணினி உலாவிகள் பலவற்றில் 4கேயே கிடைக்காது. டிவியின் செயலியில் பாருங்கள். கறுப்பு நிலையை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் மறைந்திருக்க வேண்டிய கட்டங்களும் வெளியே வரும், ஆகவே முதல் அறிகுறிக்குச் சொன்னதையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

டிவிடியில் இது வந்தால் ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை. நம் பகுதியில் விற்கும் 'பால்' (PAL) முறை டிவிடியின் 576 வரிகளில் இந்த அகலப் படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 427. அதை 4கே திரைக்கு இழுத்தால் இவ்வளவுதான் வரும். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

அறிகுறி: மேலும் கீழும் கறுப்புப் பட்டை போகவே மாட்டேன் என்கிறது

போகக் கூடாது. படத்தின் விகிதம் 2.40:1. 4கே திரையின் 2160 வரிகளில் படத்துக்கு 1600, மேலும் கீழும் 280 வரிகள் கறுப்பு. 1080இல் 800 வரிகள் படம், 140 வீதம் பட்டை. அடுத்த பாகத்தில் ஐமாக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் திரை முழுவதும் விரியும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் எதிர்பார்க்கிறார்கள். முதல் பாகத்தில் அப்படி எடுத்த காட்சி ஒன்றும் இல்லை. 'ஜூம்' போட்டால் இரு பக்கமும் மொத்தமாகக் கால்வாசி அகலம் வெட்டுப்படும்.

பட்டைகள் இருந்தும் ஓரம் வெட்டுப்பட்டால், டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் ஓவர்ஸ்கேன்தான் காரணம். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' போடுங்கள்.

அறிகுறி: சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது, அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது

முதலாவதற்குக் காரணம் மோஷன் ஸ்மூத்திங். எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, சோனியில் மோஷன்ஃப்ளோ. அணைத்துவிடுங்கள். சண்டைகள் மிக நெருக்கத்தில், வேக வேகமான வெட்டுகளோடு எடுக்கப்பட்டவை. அங்கே கலங்கலாகத் தெரிவது வேண்டும் என்று செய்தது, ஸ்மூத்திங் அதைத் தெளிவாக்காது, கை கால் விளிம்புகளைக் கிழித்துக் காட்டும்.

இரண்டாவதற்குக் காரணம், 24 ஃபிரேம் படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்புவது. ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று வருவதால் கேமரா மெதுவாகத் திரும்பும்போது நொண்டும். பிளேயரில் '24பி அவுட்புட்' போடுங்கள். ஆப்பிள் டிவியில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்', ஃபயர் டிவியில் 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்'.

இந்தியா, இலங்கையில் விற்ற பால் டிவிடியில் படம் விநாடிக்கு 25 ஃபிரேமில் ஓடும். 140 நிமிடப் படம் சுமார் 134 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி எதுவும் வெட்டப்படவில்லை.

அறிகுறி: 4கே டிஸ்க் போட்டால் திரை கறுப்பு, அல்லது மின்னி மின்னி அணைகிறது

டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளையும் ஒன்றல்ல. 4கே டிஸ்க்குக்குத் தேவையான நகல் தடுப்புப் பூட்டான எச்டிசிபி 2.2ஐ ஆதரிக்கும் துளையில் செருகுங்கள். பிறகு அந்தத் துளைக்கு அகல அலைவரிசையைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. நடுவில் ரிசீவர் இருந்தால் அதற்கும் இதே தகுதி வேண்டும்.

கேபிளைச் சந்தேகிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. 24 ஃபிரேமில் ஓடும் 4கே படம் 4:2:2 வடிவில் 9 ஜிபிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். பிளேயரின் முகப்புத் திரை 60இல் ஓடும்போது 18 வரை தேவைப்படலாம். முகப்புத் திரை மின்னி, படம் மட்டும் ஒழுங்காக ஓடினால் கேபிள்தான். 'பிரீமியம் ஹை ஸ்பீடு' சான்று உள்ளதை, இரண்டு மீட்டருக்கு மிகாமல் வாங்குங்கள்.

அறிகுறி: இசை காதைக் கிழிக்கிறது, பேச்சு கேட்கவில்லை

ஹான்ஸ் ஜிம்மர், ஜேம்ஸ் நியூட்டன் ஹவர்ட் இசைக்கும் புரூஸின் குரு டக்கார்டின் தாழ்ந்த குரலுக்கும் இடையே இடைவெளி நிஜமாகவே பெரியது. ஆனால் பேச்சு காணாமலே போனால், 5.1 ஒலி இரண்டு ஸ்பீக்கருக்குள் திணிக்கப்படுகிறது, அல்லது சென்டர் ஸ்பீக்கர் சரியாக வேலை செய்யவில்லை. ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரும் உட்காரும் இடத்தில் 75 டெசிபல் வருமாறு சமப்படுத்துங்கள். பிறகு தேவையானால் சென்டரை 2 டெசிபல் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரவில் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்றால் 'நைட் மோட்'.

டிவி ஸ்பீக்கரில் மட்டுமே பார்ப்பவர்கள் பிளேயரில் ஒலியை 'பிசிஎம்' (பிளேயரே சுருக்கத்தைப் பிரித்து அனுப்பும் முறை) ஆக்கி, டிவியில் 'கிளியர் வாய்ஸ்' வகை மோட் ஒன்றைப் போடுங்கள்.

அறிகுறி: சத்தமே வரவில்லை, அல்லது ரிசீவரில் வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்று காட்டுகிறது

4கே டிஸ்க்கின் ஒலி டிடிஎஸ். சாம்சங் 2018 முதலே தன் டிவிகளில் டிடிஎஸ்ஸைக் கைவிட்டது. எல்ஜியும் 2020 முதல் சில ஆண்டுகள் விட்டிருந்தது. பிளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு அனுப்பினால் டிடிஎஸ் நடுவழியில் நின்றுவிடும். பிளேயரை நேரே ரிசீவரிலோ சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ இன்னிலோ செருகுங்கள். வழியில்லை என்றால் பிளேயரில் பிசிஎம். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் சாதாரண ஆர்க் (ARC) இணைப்பில் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி இரண்டுமே போகாது, அதன் மேம்பட்ட வடிவமான இஆர்க் (eARC) வேண்டும்.

ஒலி வருகிறது, ஆனால் ட்ரூஎச்டி என்று ரிசீவரில் காட்டவில்லை என்றால் பிளேயரில் 'பிடி செகண்டரி ஆடியோ'வை அணையுங்கள். மெனு கிளிக் சத்தத்தைக் கலப்பதற்காகவே பிளேயர் உயர்தர ஒலியைத் தட்டிவிடும். அக்காலத்து வார்னர் புளூ-ரேக்கள் பலவற்றில் தானாகத் தேர்வாகி ஓடுவது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல்தான். டிஸ்க் மெனுவில் போய் ட்ரூஎச்டியைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடவே 'டைனமிக் ரேஞ்ச் கன்ட்ரோல்' 'ஆட்டோ'வில் இருந்தால் 'ஆஃப்' ஆக்குங்கள், இல்லாவிட்டால் கூரைகள்மேல் பேட்மேனின் 'டம்ளர்' (Tumbler) வண்டி பாயும் காட்சியில் சப்வூஃபர் அடங்கியே ஒலிக்கும். ட்ரூஎச்டி, டிடிஎஸ்ஸைவிடச் சில டெசிபல் தாழ்ந்து கேட்டால் அது தரக் குறைவு இல்லை. டால்பியின் பேச்சு அளவுச் சமன் செய்வது. வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம்.

உதடும் பேச்சும் பிரிந்தால் ரிசீவரின் 'ஆடியோ டிலே'யில் 20 மில்லி செகண்டாக ஏற்றிப் பாருங்கள். படத்துக்கு முன்பே ஒலி வந்தால்தான் இது உதவும். ஒலி பிந்தி வந்தால் டிவியின் பட மெருகேற்றும் செட்டிங்குகளைக் கூட்டி அல்ல, சவுண்ட்பாரின் இணைப்பைச் சுருக்கித்தான் சரிசெய்ய வேண்டும். புளூடூத்தை விட்டு எச்டிஎம்ஐக்கு மாறுங்கள்.

அறிகுறி: எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது

டிஸ்க்கை மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவல் வரிசையோடு ஓடி அதிகம் கெடுக்கும். பிளேயரின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். இன்னொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் பிளேயரின் லென்ஸ். அங்கேயும் அதே நொடியில் நின்றால் டிஸ்க்.

டிவிடி என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2006 முதல் 2008 வரை தயாரான சில டிவிடிகள் தாமாகவே பழுதாகின்றன என்று வார்னர் நிறுவனம் 2025இல் ஒப்புக்கொண்டு, மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னது. மேற்பரப்பில் கீறல் இருக்காது, துடைத்தும் பயனில்லை. பெரும்பாலும் படத்தின் பிற்பாதியில் சிக்கும். அந்நிறுவனத்தின் எச்டி டிவிடிகளிலும் இதே சாபம் உண்டு. அந்த வடிவத்தை 2008இலேயே கைவிட்டாயிற்று என்பதால் அதற்கு மாற்று கிடையாது. இன்னும் ஓடுகிற எச்டி டிவிடி வைத்திருப்பவர்கள் கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஆர்க்கம் மனநலக் காப்பகக் காட்சியில் நின்றாலோ இறுதி ரயில் காட்சியில் கட்டம் கட்டமாகச் சிதறினாலோ, 4கே டிஸ்க்குக்கு மாற வேண்டிய வேளை வந்துவிட்டது.